கடன் சீரமைப்பில் டேட்டா ரூம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் நெருக்கடியில் இருக்கும் நிறுவனங்களுக்கு டேட்டா ரூம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. ராஜாஜி சாலை என்.சி.எல்.டி. (திவால் மனுக்களை விசாரிக்கும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) வாசலிலும், அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் அக்கவுண்ட்ஸ் அறைகளிலும், வங்கிகளின் வாராக்கடன் பிரிவுகளிலும் என்னிடம் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். 'திவால் சட்டம்' என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டம். 'ஆர்.பி.' என்றால் ரெசல்யூஷன் புரொஃபஷனல். திவால் நடவடிக்கை நடக்கும்போது நிறுவனத்தைப் பொறுப்பில் எடுத்து நடத்துபவர். 'சி.ஓ.சி.' என்றால் வங்கிகளைப் போல நிதிக் கடன் கொடுத்தவர்களின் குழு.

1. டேட்டா ரூம்னா என்ன சார்? கூகுள் டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க் அனுப்பினா ஆகாதா?

நிறுவனத்தின் ஆவணங்களை இணையத்தில் பூட்டி வைத்து, யார் எதைப் பார்க்கலாம், எதைப் பிரிண்ட் எடுக்கலாம், எது கண்ணிலேயே படக் கூடாது என்று ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. முன்பெல்லாம் ஆடிட்டர் ஆபீஸிலோ வக்கீல் ஆபீஸிலோ ஓர் அறையை ஒதுக்கி, ஃபைல்களை மேஜையில் அடுக்கி, வாசலில் ரிஜிஸ்டர் வைத்து, வாங்க வருகிறவர்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே விடுவார்கள். அந்த அறையும் ரிஜிஸ்டரும் இப்போது சர்வருக்குப் போய்விட்டன.

ஃபைலைச் சேமிக்க டிரைவ் போதும். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒருவர் 'அந்த வரி நோட்டீஸை எனக்குக் காட்டவே இல்லை' என்று மனு போடுவார். 'இந்தத் தேதியில் ஏற்றினோம், உங்கள் ஆள் இத்தனை மணிக்குத் திறந்தார், நான்கு பக்கமும் பார்த்தார்' என்று அன்றைக்கு எடுத்து வைக்க முடிய வேண்டும். லிங்க் நாலு கை மாறிய பிறகு அதைச் சொல்ல வழியில்லை. என்னைப் பொறுத்தவரை டேட்டா ரூமின் உயிர் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

2. நாங்க இன்னும் என்.சி.எல்.டி. போகவே இல்ல. பேங்க்கோட பேசிட்டுதான் இருக்கோம். இப்பவே இதெல்லாம் வேணுமா?

இப்போதுதான் அதிகம் வேண்டும். 2019 ஜூன் 7 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட கட்டமைப்பின்படி, கடன் தவணை தவறியதும் வங்கிகளுக்கு 30 நாள் ஆய்வுக் காலம் ஓடத் தொடங்கும். பல வங்கிகள் கடன் கொடுத்திருந்தால், மதிப்பில் 75 சதவீதமும் எண்ணிக்கையில் 60 சதவீதமும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். பெரிய கடன் என்றால் ரேட்டிங் ஏஜென்சியின் தனி மதிப்பீடும் வேண்டும். ஸ்டாக் ஆடிட்டர், திட்டத்தின் சாத்தியத்தை ஆராய்பவர், ரேட்டிங் ஆள், ஐந்து வங்கி அதிகாரிகள் என எல்லோரும் ஒரே பேப்பரை ஐந்து விதமாகக் கேட்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் அனுப்பினால் ஒருவரிடம் மார்ச் கணக்கும் இன்னொருவரிடம் ஜூன் கணக்கும் போய்ச் சேரும். இரண்டு எண்களும் சரியாகவே இருந்தாலும், கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சந்தேகம்தான் வளரும். பேச்சுவார்த்தைகள் இப்படி முறிந்து போவதைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது. முந்நூறு குடும்பங்கள் நம்பியிருக்கும் தொழிற்சாலை, ஃபைல் குழப்பத்தால் இரண்டு மாதத்தை இழக்கக் கூடாது.

3. இதை யார் திறக்கணும்? செலவு யார் தலையில?

திவால் மனு ஏற்கப்படும் வரை நிறுவனம் திறக்கலாம், செலவும் அதனுடையது. ஏற்கப்பட்டபின் இயக்குநர் குழுவின் அதிகாரம் ஆர்.பி. கைக்குப் போய்விடும். அப்புறம் டேட்டா ரூம் அவர் பொறுப்பு. செலவு சி.ஓ.சி. ஒப்புதலோடு நடவடிக்கைச் செலவில் சேரும்.

4. எந்த சாஃப்ட்வேர் நல்லது? எதைப் பார்த்து வாங்கணும்?

இன்ட்ராலிங்க்ஸ், டேட்டாசைட் என்று உலக அளவில் பழகிய பெயர்கள் உண்டு, உள்நாட்டுச் சேவைகளும் உண்டு. பெயரைவிடக் கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியம். சர்வர் இந்தியாவில் இருக்கிறதா? தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று உண்டா? ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயமா? பதிவேட்டை முழுதாக எக்ஸெலில் எடுக்க முடியுமா? கணக்கை மூடியபின் முழு நகலும் கையில் கிடைக்குமா?

விலையில் கவனிக்க வேண்டியது கணக்கிடும் முறை. பக்கத்துக்கு இவ்வளவு என்பார்கள், ஜிபிக்கு இவ்வளவு என்பார்கள், மாதத்துக்கு ஒரே தொகை என்பார்கள். நம் நடவடிக்கைகள் நீண்டு போவது வழக்கம் என்பதால் காலநீட்டிப்புக்கு என்ன விலை என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் அளவான தெளிவில் எடுத்தால் ஜிபி கணக்கும் அடங்கும், படிக்கவும் முடியும்.

5. என்னென்ன பேப்பர் ஏத்தணும்? லிஸ்ட் குடுங்க சார்.

நிறுவன அமைப்பு ஆவணங்கள், ஆடிட் செய்த கணக்குகள், வங்கிக் கடன் கடிதங்களும் அடமான ஆவணங்களும், வருமான வரி, ஜிஎஸ்டி, வழக்குகள், ஊழியர், ஒப்பந்தங்கள், காப்பீடு, நிலமும் இயந்திரமும், உரிமங்கள். இந்தப் பதினோரு தலைப்புக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு, தொழிற்சாலை உரிமம், கட்டட வரைபட அனுமதி, மின் இணைப்பு ஆவணமும் நிலுவையும். நிலம் சிப்காட்டுடையது என்றால் குத்தகைப் பத்திரத்தோடு, கைமாற்றுக்கு அவர்கள் போடும் நிபந்தனைகள் அடங்கிய கடிதங்களும் வேண்டும். குத்தகை நிலத்தைச் சொந்த நிலம் என்று நினைத்து விலை போட்டுவிட்டு, பிறகு பின்வாங்கப் பார்க்கிறவர்கள் உண்டு.

பட்டியலைவிடப் பெயர் வைப்பதில்தான் நான் அதிகம் சண்டை போடுவேன். 'ஸ்கேன் 0047' என்று ஒரு ஃபைல் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். '7.2.3 – அம்பத்தூர் யூனிட் 2 – மாசு வாரிய இசைவு – 2026 மார்ச் வரை' என்று எழுதினால், திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எண் வரிசையை ஒருமுறை வெளியே கொடுத்துவிட்டால் நடுவில் மாற்றாதீர்கள். புதிதாக வருவதைக் கடைசியில் சேருங்கள். வாங்க வருபவரின் வக்கீல் தன் அறிக்கை முழுக்க உங்கள் எண்ணைத்தான் மேற்கோள் காட்டியிருப்பார்.

6. நிலப் பத்திரம் எல்லாம் தமிழ்ல இருக்கு. பம்பாய் பார்ட்டிக்கு எப்படிப் புரியும்?

மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே எண்ணின் கீழ் அடுத்தடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க நேரமிருக்காது. தாய்ப் பத்திரம், கடைசிக் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை முதலில் முடியுங்கள். இடைப்பட்ட பத்திரங்களுக்கு ஒரே அட்டவணை போதும்: தேதி, ஆவண எண், சார்பதிவாளர் அலுவலகம், யாரிடமிருந்து யாருக்கு, சர்வே எண், பரப்பு.

பரப்பில்தான் வில்லங்கமே வரும். நம் பத்திரங்களில் கிரவுண்டு, சென்ட், ஏக்கர் கலந்து இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் இருக்கும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று அட்டவணையின் தலையிலேயே எழுதி, எல்லாவற்றையும் சதுர அடிக்கும் மாற்றிக் காட்டுங்கள். உட்பிரிவுக்குப் பிறகு சர்வே எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே போடுங்கள். மொழிபெயர்ப்பில் தவறு இருந்தால் மூலமே செல்லும் என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

7. 2015 வெள்ளத்துல கீழ்த்தள ரெக்கார்டு ரூமே முங்கிடுச்சு. மிச்சம் இருந்தது மிக்ஜாம்ல போச்சு. இல்லாத பேப்பரை எங்கேருந்து ஏத்துறது?

2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் சென்னையில் எத்தனையோ நிறுவனங்களின் அலமாரிகளைக் காலி செய்திருக்கின்றன. ஆனால் மீட்க முடிந்தது நிறைய. பதிவான பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்த கணக்குகளும் அடமானப் பதிவுகளும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் உள்ளன. ஜிஎஸ்டி, வருமான வரி, பி.எஃப். தாக்கல்கள் அந்தந்தத் தளத்தில் உள்ளன. கடன் ஆவணங்களின் நகலை வங்கியிடமே கேட்கலாம். உங்களைவிடப் பத்திரமாக அவர்கள் வைத்திருப்பார்கள். ஒப்பந்தங்களுக்கு எதிர்த் தரப்பைக் கேளுங்கள்.

அதற்கு மேலும் கிடைக்காதவற்றுக்கு அந்த எண்ணின் கீழ் ஒரு பக்கக் குறிப்பை ஏற்றுங்கள்: என்ன ஆவணம், எப்போது அழிந்தது, எங்கெல்லாம் தேடினோம், இன்ஷூரன்ஸ் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல். அந்த எண்ணையே எடுத்துவிடுவதுதான் தப்பு. இல்லை என்று தெளிவாகச் சொன்னால் நம்புகிறார்கள். சத்தமில்லாமல் விட்டால் ஒளிக்கிறோம் என்று எண்ணுகிறார்கள்.

8. வழக்கு, வரி நோட்டீஸ், ஃபாரன்ஸிக் ஆடிட் இதெல்லாம் காட்டினா வர்ற ஆளும் ஓடிடுவானே?

இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதில் மாறாது: காட்டுங்கள், முதலிலேயே காட்டுங்கள். திவால் சட்டத்தின் 29ஆம் பிரிவு, நிறுவனத்தை எடுத்து மீட்கத் திட்டம் கொடுக்க வருகிறவருக்குத் தேவையான தகவல்களைக் கொடுக்கச் சொல்கிறது. நிதி நிலைமையோடு, நிறுவனம் போட்ட வழக்குகளும் நிறுவனத்தின் மேல் உள்ள வழக்குகளும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

எபிக்ஸ் – எஜுகாம்ப் வழக்கில் 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் வையுங்கள். சி.ஓ.சி. ஒப்புக்கொண்ட திட்டத்தைக் கொடுத்தவர் பிறகு திரும்பப் பெறவோ மாற்றவோ முடியாது. விவரம் தெரிந்த எந்தப் பார்ட்டியும் அதற்குப் பிறகு சந்தேகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடமாட்டார். ஃபோல்டரில் ஓட்டை தெரிந்தால் அந்த ஓட்டைக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். தெரிந்த கெட்ட செய்திக்கு ஒரு விலை உண்டு. தெரியாததற்கு அவர் போடும் விலை எப்போதும் அதைவிடக் கூடுதல். நான் பார்த்தவரை, பார்ட்டிகள் விலகுவது பெரும்பாலும் கெட்ட செய்தி தாமதமாக வந்ததால்தான்.

மோசடி நடந்ததா என்று ஆராயும் ஃபாரன்ஸிக் அறிக்கையை மட்டும் ஆர்.பி.யும் வக்கீலும் பார்த்த பிறகு ஏற்றுங்கள். விசாரணை முடியாத நிலையில் தனிநபர்கள் மேல் உள்ள குற்றச்சாட்டுகள் அதில் இருக்கும்.

9. வெளி பார்ட்டிங்களுக்கு எப்போ கதவு திறக்கும்? நாள் கணக்கு சொல்லுங்க.

திவால் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் ஃபார்ம் ஜி வெளியிட்டு ஆர்வமுள்ளவர்களை அழைக்க வேண்டும். 95ஆம் நாளுக்குள் தகவல் அறிக்கை தயாராகி சி.ஓ.சி. உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். தகுதியானவர்களின் தற்காலிகப் பட்டியல் வந்த ஐந்து நாளுக்குள் அவர்களுக்கும் அறிக்கையும் திட்ட அழைப்பும் கொடுக்க வேண்டும். திட்டம் போட அவர்களுக்குக் குறைந்தது 30 நாள். மொத்த நடவடிக்கைக்கு 180 நாள், நீட்டிப்பு 90 நாள், வழக்கு நாட்களையும் சேர்த்து 330 என்பது சட்டம் வகுத்த எல்லை.

அந்த 30 நாளில் பாதியை ஃபைல் தேடுவதில் செலவழிக்க விடாதீர்கள். ஃபார்ம் ஜி வெளிவரும் அன்று டேட்டா ரூம் முக்கால்வாசியாவது தயாராக இருக்க வேண்டும். ரகசியக் காப்பு உறுதிமொழி கையெழுத்தாகி வராமல் யாருக்கும் ஐடி கிடையாது. வேண்டியவர், அவசரம், நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

10. ஒரே ஐடியை எங்க டீம்ல அஞ்சு பேர் யூஸ் பண்ணலாமா சார்?

கூடாது. ஆளுக்கு ஒரு ஐடி. முதல் பதிலில் சொன்ன பதிவேடு அப்போதுதான் பொருள்படும். வேலையை விட்டுப் போனவரின் ஐடியை அன்றே மூடச் சொல்லி மெயில் அனுப்புங்கள்.

11. எச்.ஆர். ஃபோல்டர்ல ஆதார், பான், சம்பளம் எல்லாம் இருக்கு. அப்படியே ஏத்திடலாமா?

வேண்டாம். வாங்க வருகிறவருக்குத் தேவை எத்தனை பேர், எந்தப் பிரிவு, எத்தனை வருட சர்வீஸ், சம்பளச் செலவு எவ்வளவு, கிராஜுவிட்டி பாக்கி எவ்வளவு என்பதுதான். பெயருக்குப் பதில் ஊழியர் 001, 002 என்று ஒரு எக்ஸெல் போதும். ஆதார் நகல் எதற்கும் தேவையில்லை. மருத்துவ விடுப்புக் கடிதங்கள், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதங்கள் எதுவும் போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

மறைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பது ஆகாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து வேறு பக்கத்தில் ஒட்டினால் அடியில் உள்ள எண் அப்படியே வந்துவிடும். டேட்டா ரூமிலேயே உள்ள நிரந்தர மறைப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். எக்ஸெலில் ஒளித்து வைத்த நெடுவரிசைகளை அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

12. எங்களுக்கு நேர் போட்டிக் கம்பெனியே வாங்க வந்திருக்கான். விலைப் பட்டியலைப் பார்த்துட்டு, வாங்காமப் போயிட்டா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு இது உண்மையான பயம். ஒரே வாகன நிறுவனத்துக்கு இரண்டு பேரும் சப்ளை செய்வார்கள். நீங்கள் ஒரு பாகத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால் அடுத்த டெண்டரே போய்விடும். போட்டியாளர்கள் விலை விவரம் பரிமாறிக்கொள்வது போட்டிச் சட்டத்திலும் சிக்கல்.

அதனால் அடுக்கடுக்காகத் திறக்க வேண்டும். முதலில் வாடிக்கையாளர் ஏ, பி, சி என்ற பெயரில் மொத்த விற்பனையும் லாப விகிதமும். அடுத்து, விலையும் உண்மைப் பெயரும் உள்ள ஒப்பந்தங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, போட்டியாளரின் வெளி வக்கீலும் ஆடிட்டரும் மட்டும் பார்க்க அனுமதி. அவர்களின் சேல்ஸ் ஆட்களுக்குக் கிடையாது. ஃபார்முலா, டூல் டிராயிங் போன்றவை கடைசிக் கட்டத்தில், பிரிண்ட், டவுன்லோட் இல்லாமல். நிறுவனத்தின் அறிவுசார் சொத்தைக் காப்போம் என்று திட்டம் கொடுப்பவர் உறுதி தர வேண்டும் என்பதும் 29ஆம் பிரிவிலேயே உள்ளது.

13. அப்போ எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே மாதிரி காட்டணும்னு சொல்றது என்ன ஆச்சு?

முந்தைய பதிலில் உள்ளது போட்டியாளர் என்ற காரணத்துக்கான வேறுபாடு. அந்த விதியை முதலிலேயே எழுதி வைத்து, அதே நிலையில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் யாரும் குறை சொல்ல முடியாது. மற்றபடி ஒரே தகவல், ஒரே நேரம். புதிய ஆவணங்களை வெளியே தெரியாத ஃபோல்டரில் சேர்த்து வைத்து, வாரத்தில் குறித்த நாளில் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள்.

கேள்வி பதில் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் கேட்டதற்குக் கொடுத்த பதில் எல்லோருக்கும் போக வேண்டும், ஆனால் கேட்டவர் யார் என்பது தெரியக் கூடாது. சில கேள்வியே உத்தியைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கிண்டி நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற முடியுமா' என்று கேட்பவரின் கணக்கு என்னவென்று எவருக்கும் புரியும். அப்படிப்பட்டதைப் பொதுவாக மாற்றி, 'எல்லா நிலங்களின் தற்போதைய பயன்பாட்டு வகை' என்று ஒரு அட்டவணையாகவே ஏற்றிவிடுவது என் பழக்கம். போனில் பதில் சொல்லாதீர்கள்.

14. வாட்டர்மார்க் போட்டாலும் செல்போன்ல போட்டோ எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?

தடுக்க முடியாது. ஸ்கிரீனை போனில் எடுப்பதை எந்த சாஃப்ட்வேரும் நிறுத்தாது. ஆனால் பக்கத்தின் குறுக்கே பார்க்கிறவரின் மெயில் ஐடி, தேதி, நேரம் எல்லாம் விழுந்திருக்கும். அந்தப் போட்டோ வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். வாட்டர்மார்க்கை ஓரத்தில் சின்னதாகப் போடாமல் நடுவே, எண்கள் மேலேயே விழும்படி போடுங்கள்.

15. நான் சப்ளையர். 18 லட்சம் வரணும். டேட்டா ரூம் உள்ள என் பணத்தைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாமா?

பார்க்க முடியாது, அது திட்டம் கொடுப்பவர்களுக்கும் சி.ஓ.சி.க்குமானது. ஆனால் கடன் கொடுத்தவர்களின் பட்டியலை நிறுவனத்தின் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு ஏற்கப்பட்டது என்று அதில் தெரியும். சரக்கு, சேவை கொடுத்தவர்களுக்கு வர வேண்டிய மொத்தப் பாக்கி முழுக் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அவர்களின் பிரதிநிதி சி.ஓ.சி. கூட்டத்தில் உட்காரலாம், ஓட்டு கிடையாது.

டேட்டா ரூமைவிட உங்களுக்கு அவசரமானது ஃபார்ம் பி. அதில் கோரிக்கையை இன்வாய்ஸ்களோடு காலத்தில் தாக்கல் செய்யுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, அதில் இல்லாத கோரிக்கைகள் அற்றுப்போகும் என்று கன்ஷ்யாம் மிஷ்ரா வழக்கில் 2021 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைத் தெரியாமல் பணத்தை விட்ட சின்ன சப்ளையர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

16. நான்தான் கம்பெனி ஆரம்பிச்சவன். இப்போ போர்டு சஸ்பெண்ட். என் கம்பெனி டேட்டா ரூமுக்கு என்னை விடமாட்டேங்கறாங்களே?

சஸ்பெண்ட் ஆன இயக்குநருக்கு சி.ஓ.சி. கூட்டத்தில் உட்கார உரிமை உண்டு, ஓட்டு இல்லை. திட்டங்களின் நகலையும் ரகசிய உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவர்களுக்குத் தர வேண்டும் என்று விஜய்குமார் ஜெயின் வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு திட்டங்களைப் பற்றியது. யார் என்ன பார்க்கிறார், என்ன கேட்கிறார் என்பதெல்லாம் தெரியும்படி டேட்டா ரூமைத் திறந்துவிட அது சொல்லவில்லை.

குறு, சிறு, நடுத்தர நிறுவனமாக இருந்தால் திவால் சட்டத்தின் 240ஏ பிரிவு தரும் சலுகையில் நிறுவனரே திட்டம் போடவும் வழி இருக்கலாம். அப்போது நீங்கள் ஒரு பார்ட்டி. மற்றவர்களுக்கு உள்ள அதே ஐடி, அதே ஃபோல்டர், அதே நாள். பழைய அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமோ உங்கள் அக்கவுண்டண்ட்டிடமோ இருந்தால் ஆர்.பி.யிடம் எழுத்து மூலம் ஒப்படைத்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் திட்டம் ஜெயித்தால், அதை யாரும் கேள்வி கேட்காமல் இருக்க இது ஒன்றே பாதுகாப்பு.

17. வேல்யுவேஷன் ரிப்போர்ட்டையும் ஏத்தலாமா? பார்ட்டிங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

லிக்விடேஷன் மதிப்பு, அதாவது நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்றால் கிடைக்கும் தொகை, பார்ட்டிகளின் ஃபோல்டருக்குப் போகவே கூடாது. அது தெரிந்தால் எல்லோரும் அதிலிருந்து ஒரு ரூபாய் மேலே நின்றுவிடுவார்கள். திட்டங்கள் வந்து சேர்ந்த பிறகு, உறுதிமொழி வாங்கி, சி.ஓ.சி. உறுப்பினர்களுக்குக் கொடுப்பதுதான் முறை. இன்னொரு எச்சரிக்கை: மதிப்பீட்டாளரின் ரிப்போர்ட்டை நேரடியாகப் போடாவிட்டாலும், அவர் அனுப்பிய இயந்திரப் பட்டியல் எக்ஸெலில் கடைசி நெடுவரிசையாக மதிப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஷீட்டையும் திறந்து பாருங்கள்.

18. எங்க கம்பெனி லிஸ்டட். அதனால ஏதாவது கூடுதல் வேலை இருக்கா?

இருக்கிறது. டேட்டா ரூமில் உள்ளதில் பாதி பங்கு விலையை அசைக்கும் தகவல். கடன் சீரமைப்பு, வங்கியோடு ஒரேமுறைத் தீர்வு போன்றவை 2025 ஜூன் முதல் செபியின் வரையறையிலேயே பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. அப்படிப்பட்ட தகவல் யாரிடம் பகிரப்பட்டது என்பதைப் பெயர், பான் எண்ணோடு, நேரம் பதியும் தரவுத்தளத்தில் நிறுவனமே வைத்திருக்க வேண்டும். அதை வெளியே ஒப்படைக்க முடியாது. டேட்டா ரூமின் பதிவேடு அதற்கு மாற்று ஆகாது. ஐடி கொடுக்கும் அன்றே இரண்டிலும் பதிவு செய்யும் பழக்கம் வேண்டும்.

19. வக்கீல் குடுத்த ஒப்பீனியன் இருக்கே, 'இந்தக் கேஸ் தோத்துடுவோம்'னு, அதுவும் 8ஆம் பதில்படி ஏத்தணுமா?

வழக்கின் மனு, பதில் மனு, உத்தரவுகள் எல்லாம் ஏறட்டும். வக்கீல் உங்களுக்கு ரகசியமாகக் கொடுத்த கருத்து வேறு. அதை வெளியாருக்குக் காட்டினால் அந்த ரகசியப் பாதுகாப்பே போய், எதிராளி கையில் கிடைக்க வழியாகிவிடும். கேட்கப்படும் தொகை, கட்டம், அடுத்த தேதி என்று உண்மை விவரங்களை மட்டும் அட்டவணையாகக் கொடுங்கள். ஜெயிப்பா தோல்வியா என்பதை அவர்களின் வக்கீல் படித்து முடிவு செய்யட்டும்.

20. எந்த பார்ட்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பார்க்கறான்னு லாக்ல தெரியுது. அதை வெச்சு விலையை ஏத்திப் பேசலாமா?

திவால் நடவடிக்கைக்கு வெளியே, நிறுவனமே விற்கும்போது, யாருக்கு ஆர்வம் அதிகம் என்று பதிவேட்டைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். திவால் நடவடிக்கையில் இது ஆபத்தான பாதை. ஆர்.பி. எல்லோருக்கும் நடுநிலையாளர். ஒரு பார்ட்டியின் நடமாட்டத்தை இன்னொரு பார்ட்டியிடமோ, பேரம் பேசும் ஒரு வங்கியிடமோ சொன்னால் மொத்த நடவடிக்கையும் கேள்விக்குள்ளாகும்.

நான் அந்த அறிக்கைகளை எடுப்பது வேறு காரணத்துக்காக. எல்லோரும் ஒரே ஃபோல்டரில் திரும்பத் திரும்ப வந்து நின்றால் அங்கே ஏதோ புரியவில்லை என்று பொருள். ஒரு விளக்கக் குறிப்பை ஏற்றினால் வாரம் மிச்சமாகும்.

21. இந்த லாக் எல்லாம் கோர்ட்ல சாட்சியா நிக்குமா?

நிற்கும், சான்றிதழோடு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போதே, கேட்டால் இந்தச் சான்றிதழைத் தருவோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வழக்கு வந்த பிறகு வெளிநாட்டு ஹெல்ப்டெஸ்க்கிடம் இதை விளக்கிக்கொண்டிருப்பது பெரும்பாடு.

22. ஒரு ஃபைல் லீக் ஆயிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

அந்த ஐடியை முடக்குங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். பதிவேட்டை அன்றைய நிலையிலேயே எடுத்து வையுங்கள். ஆர்.பி.க்கும் வக்கீலுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். யாரோ சிஸ்டத்துக்குள் புகுந்து எடுத்திருந்தால் அது சைபர் சம்பவம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் கொடுத்த உத்தரவின்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். ஆறு மணி நேரம் என்பது சனிக்கிழமை மாலைக்கும் பொருந்தும், அதனால் யார் தெரிவிப்பது என்று முன்பே ஒருவரைக் குறித்து வையுங்கள். ஊழியர் விவரம் வெளியே போயிருந்தால் 11ஆம் பதிலில் சொன்ன சட்டமும் வரும்.

அனுமதி பெற்ற ஒருவரே வெளியே கொடுத்திருந்தால், வாட்டர்மார்க்கை வைத்து அவரிடம் விளக்கம் கேட்டு, உறுதிமொழியை மீறியதாக நடவடிக்கை எடுக்க வேண்டும். இதைக் கூட்டத்தில் மெதுவாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மற்ற பார்ட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

23. பிளான் அப்ரூவ் ஆயிடுச்சு. டேட்டா ரூமை இப்போ மூடிடலாமா?

வெளி ஐடிக்களை மூடலாம். அழிக்கக் கூடாது. நடவடிக்கைப் பதிவுகளின் மின்னணு நகலைக் குறைந்தது 8 ஆண்டும், தாள் நகலைக் குறைந்தது 3 ஆண்டும் ஆர்.பி. வைத்திருக்க வேண்டும், நடவடிக்கை முடிந்த நாள், அது சார்ந்த வழக்கு முடிந்த நாள், இரண்டில் பிந்தியதிலிருந்து கணக்கு ஓடும். அதனால் மூடும் அன்று ஃபோல்டர் அமைப்பு மாறாமல் முழு நகல், கேள்வி பதில்கள், பதிவேடு, யாருக்கு எந்த அனுமதி இருந்தது என்ற பட்டியல் நான்கையும் பூட்டிய டிரைவில் இரண்டு செட் எடுங்கள். ஒரு செட்டை வேறு கட்டடத்தில், முதல் மாடிக்கு மேலே வையுங்கள்.

தோற்ற பார்ட்டிகளிடம், டவுன்லோட் செய்ததை அழித்துவிட்டோம் என்று கடிதம் வாங்குங்கள். ஜெயித்தவருக்கு ஒரு நகல் போகும், ஆனால் மற்றவர்களின் கேள்விகளும் நடமாட்டமும் இல்லாத நகல். நகல் திறக்கிறதா என்று வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பிறகுதான் சேவை நிறுவனத்துக்குக் கணக்கை மூடச் சொல்லி மெயில் அனுப்ப வேண்டும்.